நரம்புச் செல்லுக்கு வரும் மரணச் செய்தி

1982ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சில இளைஞர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களால் கைகால்களை அசைக்க முடியவில்லை, பேசவும் முடியவில்லை. சிலைபோல் விறைத்துக் கிடந்தனர். முதியோரைத் தாக்கும் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், முற்றிய நிலையில் இப்படித்தான் இருக்கும். ஆனால் அந்நோய் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல வளர்வது. இவர்களுக்கோ சில நாட்களிலேயே வந்துவிட்டது!

வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் காரணத்தைத் தேடினர். அந்த இளைஞர்கள் அனைவரும் திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டவர்கள். தயாரிப்பில் நேர்ந்த பிழையால் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் அதில் கலந்திருந்தது.

நடுமூளையில் கருமை நிறமுள்ள சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. உடல் அசைவுகள் சீராக நடைபெற இது தேவை. பார்க்கின்சன் நோயில் அழிவன முக்கியமாக இச்செல்களே. தோலில் காயம்பட்டால் புதுச்செல்கள் தோன்றி அது ஆறிவிடும். இறந்த இந்த நரம்புச் செல்களின் இடத்தை நிரப்பப் புதியவை வருவதில்லை.

எம்.பி.டி.பி. இவற்றை எப்படிக் கொல்கிறது? அது தானே நேரடியாகக் கொல்வதில்லை. மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணைபுரியும் செல்களில் உள்ள ஒரு நொதி அதைக் கொடிய நஞ்சாக மாற்றுகிறது. வெளியேவிட்ட டோபமினைத் திரும்ப எடுத்துக்கொள்ள நரம்புச் செல்லில் ஒரு வாயில் உண்டு. டோபமினைப் போன்ற வடிவுள்ள இந்த நஞ்சு அதே வாயில் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது!

உள்ளே அது செல்லின் மின்நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் சேர்ந்து, ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கிறது. பழுதுற்ற மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசிகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும்வரை ஆற்றல் உண்டாக்க உதவிய அதே புரதம், வெளியே வந்ததும் மரணச் செய்தியாகிவிடுகிறது. அது காஸ்பேஸ்-9 என்ற நொதியைத் தூண்டுகிறது. அது காஸ்பேஸ்-3ஐத் தூண்டுகிறது. காஸ்பேஸ்-3 செல்லின் புரதங்களைக் கத்திரிபோல் வெட்டுகிறது. செல் சுருங்கிச் சிறு சிறு பொட்டலங்களாக உடைகிறது.

இவ்வகை மரணத்துக்கு 1972இல் இடப்பட்ட பெயர் அப்போப்டோசிஸ். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இது. இந்த ஏற்பாடு நம் உடலுக்குப் பகையன்று. கருவில் விரல்களுக்கு இடையேயுள்ள சவ்வு மறைந்து விரல்கள் பிரிவது இதனால்தான். வேண்டாத செல்லை நீக்கும் அதே வழியில், வேண்டிய நரம்புச் செல்லும் போய்விடுவதுதான் துயரம்.

போதைப்பொருளைத் தொடாதவர்களுக்கும் இந்நோய் வருகிறதே? அவர்களுடைய மூளையிலும் மைட்டோகாண்ட்ரியாவின் அதே உறுப்பு பழுதுற்றிருப்பது 1989இல் தெரியவந்தது. ஆல்பா-சைனுக்ளின் என்ற புரதம் அச்செல்களில் கட்டிகட்டியாகத் தேங்குவதும் பின்னர் அறியப்பட்டது. மரணத்துக்குப் பாதைகள் பல.

குரங்குகளுக்கு எம்.பி.டி.பி. கொடுக்குமுன், அதை நஞ்சாக்கும் நொதியை மருந்தால் தடுத்துப் பார்த்தனர். குரங்குகள் தப்பின. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும்! ஆனால் மனிதருக்கு இயல்பாக வரும் நோயில் இது இன்னும் கைகூடவில்லை. லெவோடோபா போன்ற இன்றைய மருந்துகள் குறைந்த டோபமினை ஈடுசெய்கின்றன. செல்களின் சாவை நிறுத்துவதில்லை. ஆகவேதான் விஞ்ஞானிகள் மரணச் செய்தி செல்லும் பாதையை ஒவ்வொரு படியாக ஆராய்ந்து வருகின்றனர்.