அடியவர் குணம்: பட்டியலும் கதையும்

1

நல்ல பக்தன் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நம்மிடம் தயாராக ஒரு பட்டியல் இருக்கிறது. பகவத்கீதையின் 12-ஆம் அத்தியாயத்தில் 13-ஆம் சுலோகத்திலிருந்து முடிவு வரை வருகிற பட்டியல் அது. எந்த உயிரையும் வெறுக்காதவன், சிநேகமும் கருணையும் உடையவன், 'நான்', 'எனது' என்பவை கழன்றுபோனவன், பொறுமைசாலி. தன்னைக் கண்டு உலகம் மிரள விடாதவன், உலகத்தைக் கண்டு தானும் மிரளாதவன். நண்பனும் பகைவனும், மானமும் அவமானமும் அவனுக்கு ஒன்று. உபன்யாசங்கள் வழியாகவும் நீதிபோதனை வகுப்புகள் வழியாகவும் நமக்கு வந்து சேர்ந்த 'பக்தன்' பெரும்பாலும் இவன்தான்.

இந்தப் பட்டியலில் கோயில் இல்லை, ஊர் இல்லை, சக பக்தர்கள் என்று ஒரு கூட்டமும் இல்லை. குணம் என்பது இங்கே முழுக்க முழுக்க ஒரு தனிமனிதனின் மனநிலை. பெண்கள், வைசியர், சூத்திரர் எல்லோரும் கடைத்தேறலாம் என்று 9-ஆம் அத்தியாயம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அந்த மனிதர்கள் எந்த வாசல் வழியாக, யாருடைய அனுமதியோடு உள்ளே வருவார்கள் என்பது அந்தப் பிரதியின் கவலை அல்ல. அந்தக் கவலையைப் பேச வேண்டுமென்றால் பட்டியலை விட்டுவிட்டுக் கதைக்கு வந்தாக வேண்டும். தமிழில் அப்படி வருவதற்குப் பெரியபுராணத்தைவிடத் தோதான இடம் வேறில்லை.

2

12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுதிய சேக்கிழாரும் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகிறார். 'திருக்கூட்டச் சிறப்பு' என்ற பகுதியில் வரும் அடியார்கள் வாழ்வு தாழ்வு பாராதவர்கள். உடைந்த ஓட்டுக்கும் பொன்னுக்கும் அவர்கள் கண்ணில் வித்தியாசம் கிடையாது. வணங்கிக்கொண்டிருந்தால் போதும், மோட்சம்கூட வேண்டாம் என்கிறவர்கள். கீதையின் சமநிலைக்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை என்றே படும்.

ஆனால் கதைகள் தொடங்கியதும் இந்தச் சமநிலை எங்கே போச்சு என்று தேட வேண்டியிருக்கிறது. கருவூரில் சிவகாமியாண்டாரின் பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிதறியது என்பதற்காக எறிபத்தர் மழுவை எடுக்கிறார். யானையும் அதனோடு வந்த ஐந்து பேரும் வெட்டுண்டு விழுகிறார்கள். பால்குடத்தை இடறிய தந்தையின் கால்களைச் சண்டேசர் வெட்டுகிறார். இறைவனுக்கென்று வைத்திருந்த நெல்லைத் தின்ற குற்றத்துக்காகக் கோட்புலியார் சுற்றத்தார் அனைவரையும், பால்குடிக் குழந்தை உட்பட, கொன்று தீர்க்கிறார். உலகம் மிரளாத மனிதர்களா இவர்கள்?

'அக்காலத்து மனநிலை' என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விடலாம். 'தத்துவார்த்தமாகப் பார்க்க வேண்டும்' என்று பூசி மெழுகவும் செய்யலாம். இரண்டுமே வாசிப்பைத் தவிர்க்கிற வழிகள். மெய்ப்பொருள் நாயனார் கதையைப் பக்கத்தில் வைத்தால் விஷயம் பிடிபடும். பகைவன் முத்தநாதன் திருநீறு பூசி, அடியவர் வேடத்தில் வந்து குத்துகிறான். வெட்டப் பாய்ந்த தத்தனைத் தடுத்து, வந்தவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிவிட்டு வரச் சொல்கிறார் சாகக் கிடக்கிற அரசர். பகைவனிடம் இதைவிடப் பெரிய பொறுமை உண்டா? கீதைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் மெய்ப்பொருளார் முத்தநாதனைக் காப்பாற்றுவது பகையும் நட்பும் ஒன்று என்பதனால் அல்ல. அவன் மேலிருந்த வேடத்துக்காக. அதே அடையாளத்துக்காகத்தான் எறிபத்தர் மழுவை எடுத்தார். ஒருவரின் பொறுமையும் இன்னொருவரின் கோபமும் ஒரே வேரிலிருந்து வருபவை. ஆக, பொறுமை, கோபம் என்பவை இங்கே குணங்களே அல்ல, விளைவுகள். குணம் என்று ஒன்று இருக்குமானால் அது அடையாளத்துக்கும் அடியார் கூட்டத்துக்கும் கட்டுப்பட்டிருப்பதுதான்.

கருவூரில் அடுத்து நடப்பதும் இதையே சொல்கிறது. ஓடிவந்த புகழ்ச்சோழர் கோபிக்கவில்லை. இந்தத் தண்டனை போதாதென்றால் என்னையும் கொல்லுங்கள் என்று தன் வாளையே நீட்டுகிறார். அரசனைவிடக் கூட்டம் பெரிது. மனதுக்குள் இருந்த குணத்தைச் சேக்கிழார் வெளியே, மனிதர்களுக்கு நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டார் எனலாம்.

3

சரி, கூட்டத்துக்குள் எல்லோரும் ஒன்றா? இங்கேதான் நாம் நிற்க வேண்டும்.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலம். திருவாரூரில் அவர் உள்ளே வருவதற்கென்று இறைவன் வடதிசையில் வேறொரு வாயில் வகுத்தான் என்கிறது புராணம். சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்ற அந்தணர் வீட்டில், வேள்வித் தீ இருக்கும் வேதிகையின் பக்கத்திலேயே பாணரும் மனைவியும் இரவு தங்குகிறார்கள். தீ அணையவில்லை, வலஞ்சுழித்து ஓங்கி எரிகிறது. ஆதனூர் நந்தன் புலையர் குலம். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். தில்லையில் அவருக்கும் ஒரு தீ. ஆனால் அவர் பக்கத்தில் தங்கவில்லை, தீக்குள்ளே இறங்க வேண்டியிருந்தது. இறங்கிப் பூணூலணிந்த முனிவராக மேலே வந்த பிறகே கோயில்.

ஒரே நூல், ஒரே ஆசிரியர், இரண்டு தீ. நந்தனிடம் எந்தக் குணம் குறைந்தது? பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாலும் குறை எதுவும் அகப்படாது. சேக்கிழாரும் குறை சொல்லவில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. பாணர் சம்பந்தரோடு வந்தவர். இவருக்கு இடம் கொடுங்கள் என்று சொல்ல ஒரு அந்தணப் பிள்ளை கூட இருந்தார். நந்தன் தனியாக வந்தவர். அடியவரின் குணத்தை அங்கீகரிப்பது கூட்டம் என்றால், கூட்டத்துக்குள் யாருடைய வார்த்தை செல்லும் என்பதும் சேர்ந்தேதான் வரும்.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் ஒரு காரியம் செய்தார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரை நந்தனுக்கு ஆண்டையாகக் கொண்டுவந்தார். நந்தன் உத்தரவு கேட்டுக் கெஞ்ச வேண்டியதாயிற்று. பண்ணையடிமை முறையின் கொடுமையை மேடையேற்றியதில் இதற்கு முக்கியத்துவம் உண்டு, மறுப்பதற்கில்லை. அதே சமயம், பக்தன் என்றால் பொறுத்துப்போகிறவன் என்ற பிம்பம் நம் மனதில் இறுகியதற்கும் இந்த நந்தன் ஒரு காரணம். எறிபத்தரிடம் யாரும் கேட்காத பொறுமை நந்தனிடம் மட்டும் கேட்கப்படுகிறது. பட்டியல் எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிறது. கதையோ எந்தக் குணம் யார் பங்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

மரபுக்கு உள்ளிருந்தே இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். வைணவத்தில் பிள்ளை லோகாசாரியர், அடியவரின் பிறப்பை ஆராய்வது பெற்ற தாயைச் சோதிப்பதற்கு ஒப்பான கொடுமை என்று 'ஸ்ரீவசன பூஷண'த்தில் எழுதிவைத்தார். ஆனால் எழுதி நூற்றாண்டுகள் போயும் வாசல் திறக்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போக வேண்டியிருந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வர வேண்டியிருந்தது. உள்ளே வருகிறவனுக்கு எந்தக் குணம் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பக்தனின் இலட்சணங்களை அழகாக அடுக்கிவைத்த எந்தப் பிரதியும் நந்தனுக்குச் செய்யாததை, குணத்தைப் பற்றிப் பேசாத ஒரு சட்டம் செய்திருக்கிறது. இனி அந்தப் பட்டியலை வாசிக்கும்போது, இதை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று சேர்த்து வாசிப்பதே நியாயம்.