கோடையில் தண்ணீர் வருமா?

சென்னையில் கைமாறும் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறக்கிறார்கள். தண்ணீர் கொட்டியதும் மனம் நிறைந்துவிடுகிறது. தை மாதத்தில் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு நிலத்தடி நீர் மேலேதான் நிற்கும். மாடித் தொட்டியில் இருப்பது காலையில் வந்த லாரித் தண்ணீராகவும் இருக்கலாம். வைகாசியில் அந்த வீட்டின் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், என்ன பாடுபடும் என்பது அங்கே குடியிருந்தவருக்குத்தான் தெரியும்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு, இதில் விற்பவருக்குக் கடமை வைத்திருக்கிறது. வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் புலப்படாத முக்கியக் குறை சொத்தில் இருந்து, அது தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் மோசடி. ஆனால் கோடையில் வற்றும் போர் அப்படிப்பட்ட குறைதானா என்று வழக்காடப் போனால் வருடங்கள் ஓடிவிடும்.

அதே பிரிவில் உள்ள இன்னொரு விதியைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கு, விற்பவர் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். கேட்டவருக்கே பதில் கிடைக்கும். எனவே எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி.

போர் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது? நகரின் ஏரிகள் வறண்ட 2019 கோடையில் எத்தனை லாரி வாங்கினீர்கள்? அடுக்குமாடி என்றால் சங்கத்தின் ஏப்ரல், மே, ஜூன் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். லாரிச் செலவு அதில் இருக்கும். வாய்ப்பேச்சைவிட அது நம்பத்தக்கது. மெட்ரோ வாட்டர் வரி ரசீதைக் காட்டினால் அதோடு நிற்காதீர்கள். வரி கட்டுவதாலேயே வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு இருப்பதாக ஆகாது. தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம்.

ஊர்ப்புறத்தில் பொதுக் கிணறு என்றால், கிணற்றுப் பங்கும் அதற்குப் போகும் பாதையும் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் 55-வது பிரிவின் இந்தக் கடமைகள் விலகிவிடும். ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்’ என்ற வரி இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்குமுன் வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். இருந்தால், தண்ணீரைப் பற்றி விற்பவர் சொன்ன பதில்களையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.