ஃபவுஸ்தீனா (பெயர்)

ஃபவுஸ்தீனா என்பது இலத்தீன் மொழியில் தோன்றிய ஒரு பெண்பால் இயற்பெயர் ஆகும். "நற்பேறு உடையவள்", "மங்கலமானவள்" என்பது இதன் பொருள். உரோமைப் பேரரசின் அரச குடும்பத்தில் வழங்கிய இப்பெயர், பின்னர் கத்தோலிக்கத் திருச்சபையின் வழியாக ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் தமிழ்நாட்டிலும் பரவியது. தமிழில் ஃபாஸ்டினா, பாஸ்டினா, பவுஸ்தீனா என்றும் எழுதப்படுவதுண்டு. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் பாமாவின் இயற்பெயர் ஃபாஸ்டினா மேரி பாத்திமா ராணி என்பதாகும்.

சொற்பிறப்பு

இலத்தீனில் ஃபவுஸ்துஸ் என்னும் பெயரடை "நற்குறியுடைய", "பேறு தரும்" என்ற பொருள்களைத் தரும். இது "ஆதரவு காட்டு" எனப் பொருள்படும் ஃபவேரே என்னும் வினைச்சொல்லோடு தொடர்புடையது. உரோமர்கள் அரசுப் பணிகளைத் தொடங்கும்போது கூறிய மங்கல வாழ்த்தில் இச்சொல்லும் இடம்பெற்றது. இதிலிருந்து ஃபவுஸ்தீனுஸ் என்னும் ஆண்பெயரும், அதன் பெண்பால் வடிவமாகிய ஃபவுஸ்தீனாவும் தோன்றின. ஃபவுஸ்தா என்பது இதே வேரிலிருந்து வந்த மற்றொரு பெண்பெயர். செருமன் மொழியில் கைமுட்டியைக் குறிக்கும் ஃபவுஸ்ட் என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உரோமைப் பேரரசில்

இப்பெயரைத் தாங்கியவர்களுள் தாயும் மகளுமான இரு பேரரசிகள் புகழ்பெற்றவர்கள்.

மூத்த ஃபவுஸ்தீனா, பேரரசர் அந்தோனினுஸ் பியுஸின் மனைவி. இவர் 140 ஆம் ஆண்டில் இறந்தார். இவர் நினைவாகப் பேரரசர் உரோமை நகரில் ஒரு கோயிலை எழுப்பினார். ஏழைச் சிறுமியரைப் பேணுவதற்காக இவர் பெயரில் ஓர் அறக்கட்டளையும் நிறுவப்பட்டது. அக்கோயில் பிற்காலத்தில் கிறித்தவத் தேவாலயமாக மாற்றப்பட்டது. அதன் தூண்களை இன்றும் காணலாம்.

இளைய ஃபவுஸ்தீனா, மெய்யியலாளராகவும் அறியப்படும் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியசை 145 ஆம் ஆண்டில் மணந்தார். இன்றைய துருக்கியில் இவர் இறந்த ஊர், இவர் பெயரால் ஃபவுஸ்தீனோபொலிஸ் என அழைக்கப்பட்டது.

ஐரோப்பிய மொழிகளில்

- இத்தாலியம், எசுப்பானியம்: ஃபவுஸ்தீனா. இலத்தீன் வடிவம் ஏறத்தாழ மாறாமல் உள்ளது.
- பிரெஞ்சு: ஃபோஸ்தீன். "அவு" என்னும் ஒலி ஓகாரமாகி, ஈற்று உயிர் மறைந்துள்ளது.
- செருமன்: ஃபவுஸ்தீனா, ஃபவுஸ்தீனெ.
- போலியம்: ஃபவுஸ்தினா. இடையிலுள்ள ஈகாரம் குறுகி ஒலிக்கும்.
- ஆங்கிலம்: ஃபாஸ்டீனா. அரிதாகவே வழங்குகிறது.

வெனிசைச் சேர்ந்த பாடகி ஃபவுஸ்தீனா போர்தோனி (1697–1781), 1726 முதல் 1728 வரை இலண்டனில் ஆண்டலின் இசை நாடகங்களில் பாடிப் புகழ்பெற்றார். அர்கெந்தீன எழுத்தாளர் அடோல்ஃபோ பியோய் கசாரெஸ் 1940 இல் வெளியிட்ட "மொரேலின் கண்டுபிடிப்பு" என்னும் புதினத்தின் நாயகிக்கும் இப்பெயரின் பிரெஞ்சு வடிவமே சூட்டப்பட்டுள்ளது.

புனிதர்கள்

6 ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கோமோ நகரில் வாழ்ந்த ஒரு துறவி இப்பெயருடைய புனிதர்களுள் ஒருவர். இன்று மிகுதியும் அறியப்பட்டவர் போலந்து நாட்டின் மரிய ஃபவுஸ்தீனா கோவால்ஸ்கா (1905–1938) ஆவார். எலேனா என்பது இவருடைய இயற்பெயர். 1926 இல் துறவற உடை பெற்றபோது ஃபவுஸ்தீனா என்னும் பெயரை ஏற்றார். இவர் எழுதிய நாட்குறிப்பு இறை இரக்க பக்திக்கு அடிப்படையானது. இவர் முன்வைத்த வடிவில் அப்பக்தியைப் பரப்புவதற்கு 1959 முதல் 1978 வரை வத்திக்கானின் தடை இருந்தது. பின்னர் 2000 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரைப் புனிதராக அறிவித்தார்.

தமிழ்நாட்டில்

இலத்தீன் மூலப் பெயர்கள் தமிழ்ச் சிற்றூர்களை அடைந்தது பெரும்பாலும் திருமுழுக்கின் வழியாகும். 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குப் பெறுபவருக்குக் கிறித்தவப் பெயர் சூட்டப்படுவதைப் பங்குக்குரு கவனிக்க வேண்டும் என்றும், பெற்றோர் இணங்காவிடில் அவர்கள் விரும்பிய பெயருடன் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் கூறியது. 1983 ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு இதனைத் தளர்த்தி, கிறித்தவ உணர்வுக்குப் பொருந்தாத பெயரைத் தவிர்த்தால் போதும் என்றது. லூசியா (ஒளி), ஸ்டெல்லா (விண்மீன்), ரெஜினா (அரசி), விக்டோரியா (வெற்றி), கிளாரா (தெளிவு) ஆகியவை தமிழ்நாட்டில் வழங்கும் பிற இலத்தீன் மூலப் பெண்பெயர்களுள் சில.

எழுத்துப்பெயர்ப்பு

இப்பெயரின் முதல் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. பழைய வழக்கில் அது பகரமாகவே எழுதப்பட்டது. பெர்னாண்டோ, பிரான்சிசு ஆகிய பெயர்களிலும் இதனைக் காணலாம். ஆய்தத்துடன் "ஃப" என எழுதுவது பிற்கால வழக்கு. இலத்தீன் ஒலிப்பைப் பின்பற்றினால் "பவுஸ்தீனா" எனத் தகரமும், ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றினால் "பாஸ்டினா" என டகரமும் வருகின்றன. ஆகவே, எழுதப்படும் முறையைக் கொண்டே அவ்வடிவம் எம்மொழி ஒலிப்பைத் தழுவியது என ஓரளவு அறியலாம்.

எழுத்தாளர் பாமா

பாமா 1958 இல், வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் ஒரு தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. விருதுநகர் மாவட்டம் 1985 இல் உருவானது. அவர் பிறந்தபோது கோவால்ஸ்கா புனிதராக அறிவிக்கப்படவில்லை. அதற்கு முன்பே இப்பெயர் இப்பகுதியை அடைந்துவிட்டது.

அவருடைய பெயரின் நான்கு சொற்களும் நான்கு மூலங்களைக் கொண்டவை. ஃபாஸ்டினா இலத்தீன், மேரி எபிரேயத்திலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது, பாத்திமா, 1917 இல் மரியன்னை காட்சியளித்ததாக நம்பப்படும் போர்த்துக்கல் நாட்டு ஊரின் பெயர், அதுவோ ஓர் அரபுப் பெண்பெயர், ராணி வடமொழிவழிச் சொல். இப்பெயரில் அடங்கிய ஒலிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டதே "பாமா" என்னும் புனைபெயர். சத்தியபாமாவின் சுருக்கமாகவும் தோன்றக்கூடிய இப்பெயரில் இலத்தீன் மூலம் வெளிப்படையாகத் தெரிவதில்லை.

ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்து வெளியேறிய பின் அவர் எழுதிய தன்வரலாற்று நூலான "கருக்கு" 1992 இல் வெளிவந்தது. திருச்சபைக்குள் நிலவிய சாதிப் பாகுபாட்டை அந்நூல் பதிவு செய்கிறது. நூலில் ஒரு நிகழ்வு பெயரைப் பற்றியது. ஆசிரியரின் அண்ணனிடம் பண்ணையாரின் ஆள் ஒருவர் பெயரைக் கேட்கிறார். பெயரைச் சொன்னதும், எந்தத் தெரு என்று கேட்கிறார். தெருவை அறிந்தால் சாதியை அறிந்துகொள்ளலாம் என்பதே அக்கேள்வியின் நோக்கம். கிறித்தவப் பெயர் சாதியை வெளிப்படுத்தாத இடத்தில், தெரு அதனை வெளிப்படுத்தியது.

1994 இல் வெளிவந்த "சங்கதி"யில், தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்லும் சிறுமி மைக்கண்ணி என்னும் பட்டப்பெயரால் அழைக்கப்படுகிறாள். சிவகாசிப் பகுதியின் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்கள் உழைத்த காலத்தை இப்பாத்திரம் நினைவூட்டுகிறது. பதிவேட்டுப் பெயரும் ஊர் இட்ட பெயரும் வேறுபடும் வழக்கத்திற்கும் இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

"கருக்கு" நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000 ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்டு விருதைப் பெற்றது. மொழிபெயர்ப்பிலும் ஆசிரியரின் பெயர் பாமா என்றே உள்ளது.

இவற்றையும் பார்க்க

- பாமா (எழுத்தாளர்)
- கருக்கு (நூல்)
- மார்க்கஸ் அவுரேலியஸ்
- தமிழ் எழுத்துப்பெயர்ப்பு