கரும்பலகைக்கும் பிள்ளைக்கும் இடையே

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் தேகசுகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உரிய விஷயமென்றும், எழுத்தையும் எண்ணையும் கற்பித்து முடிப்பதோடு உபாத்தியாயரின் கடமை தீர்ந்துவிடுகிறதென்றும் எண்ணுகிறவர்கள் எங்கள் கல்முனைக் கரையோரத்திலே பலர் உளர். நான் இன்னும் ஆசிரியையாகிவிடவில்லை. அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி நெறியைப் பயில்கிற ஒருத்தி. ஆயினும், கற்பித்தல் பயிற்சிக்காக வகுப்பறைகளில் நின்ற நாட்களில் என் மனத்திலே வேரூன்றிப்போன அபிப்பிராயம் ஒன்றுண்டு. பெற்றோருக்கு அடுத்தபடியாக ஒரு பிள்ளையின் முகத்தை நாள்தோறும் பல மணி நேரம் எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் வகுப்பாசிரியர் ஒருவரே ஆதலால், அந்தப் பிள்ளை நன்றாகப் பார்க்கிறதா, கேட்கிறதா, உண்டதா, உறங்கியதா என்று கவனிப்பது அவர் கற்பிக்கும் பாடத்தின் முதற்பகுதியே ஆகும் என்பதுதான் அது.

எங்கள் நாட்டிலே பாடசாலை மருத்துவப் பரிசோதனை என்பது பழமையும் பெருமையும் வாய்ந்த ஏற்பாடு. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது முதல் நாடெங்கும் படிப்படியாகப் பரவிய பொதுச் சுகாதாரச் சேவையின் கிளைகளுள் ஒன்றாகிய அது, சுகாதார வைத்திய அதிகாரியையும் பரிசோதகரையும் பாடசாலை வாசலுக்கே அழைத்து வருகிறது. இருநூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளே பரிசோதனைக்கு உட்படுகின்றன. ஆகவே, முதலாந் தரத்திலே நன்றாகப் பார்த்த பிள்ளைக்கு இரண்டாந் தரத்திலே பார்வை மங்கத் தொடங்கினால், அதை வைத்தியர் காண நான்காந் தரம் வரையிலும் காத்திருக்க வேண்டும். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கி, சொல்லைக் கூட்டி வாக்கியமாக வாசிக்கப் பழகுகிற அருமையான பருவம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறதென்பதை நினைத்துப் பார்த்தால், அதைக் காக்கும் பொறுப்பு யாருக்கு உரியதென்பது தானே விளங்கும்.

மூன்றாந் தரத்திலே ஒரு பையனைக் கண்டேன். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுதச் சொன்னால், அவன் கண்கள் பலகைக்குப் போகாமல் பக்கத்திலிருந்தவனுடைய கொப்பிக்கே போகும். அவனது உம்மா ஒருநாள் வாசலில் நின்று, "இவன் வாசிக்கப் பஞ்சிப்படுறான் டீச்சர், ரெண்டு அடி போட்டாத்தான் சரி வரும்" என்றார். அன்று முழுவதும் அவனையே கவனித்தேன். பலகையைப் பார்க்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கண்ணை இடுக்கிக்கொண்டான். அதே வாக்கியத்தைப் புத்தகத்திலே காட்டியபோது, மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடங்கலுமின்றி வாசித்தான். வகுப்பாசிரியையிடம் சொன்னேன், முன்வரிசைக்கு மாற்றினோம், பரிசோதகர் வந்து, ஆறு மீற்றர் தூரத்தில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்து, கண் கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கண்ணாடி அணிந்து வந்த முதல் நாள் அவன் கரும்பலகையை வாசிக்கவில்லை. எதிர்ச்சுவரில் தொங்கிய கலண்டரின் சின்ன எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக உரத்து வாசித்துக்கொண்டிருந்தான்.

ஆயினும், கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்பதற்கில்லை. அந்தக் கடிதம் அவனது புத்தகப் பையிலே நெடுநாள் மடிந்து கிடந்தது. வாப்பா ஆழ்கடல் படகிலே போனால் திரும்பப் பல நாட்களாகும். உம்மாவோ மடியில் கைக்குழந்தையோடிருந்தவர். கிளினிக் நாளன்று முச்சக்கர வண்டி பிடித்து, வைத்தியசாலை வரிசையில் நின்று, பிற்பகலில் வீடு திரும்புவதென்பது அவ்வீட்டுக்குச் சிறிய காரியமன்று. மருதமுனையிலே கைத்தறியில் நெய்கிற குடும்பமானாலும், நிந்தவூரிலே வயற்கூலிக்குப் போகிற குடும்பமானாலும், ஒரு நாள் வேலை நின்றால் ஒரு நாள் வருமானம் நிற்கும். வைத்தியர் எழுதுகிற கடிதத்துக்கும் வைத்தியசாலை வாசலுக்கும் நடுவிலே எத்தனை பிள்ளைகள் தவறிப்போகின்றார்கள் என்பதை அறியக்கூடியவரும், "மகன், கிளினிக்குக்குப் போனீங்களா?" என்று வாரந்தோறும் கேட்கக்கூடியவரும் வகுப்பாசிரியரே.

கண்ணுக்கு அடுத்தபடி வயிறு. இவ்விடத்திலே எங்கள் பகுதியின் சரித்திரத்தில் ஒரு மனிதரை நினைக்காதிருக்க முடியவில்லை. இரண்டாம் உலக யுத்தம் மூண்டு, அரிசித் தட்டுப்பாடு நாட்டை வருத்திய 1942ஆம் ஆண்டில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே பிறந்து, இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதலாவது முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ். நெல் விளைவிக்க வந்த அவர், நிலமற்ற ஏழைகள் வயல் பெற வழிசெய்ததோடு நின்றுவிடவில்லை. இப்பகுதி மக்களின் வறுமையும் கல்வியின்மையும் ஒன்றையொன்று வளர்ப்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டார். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அளவளாவினார். ஏழை மாணவருக்கு உதவும் பொருட்டு 1945ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். பின்னாளில் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக அவர் பெற்ற புகழைப் பலரும் அறிவர். எனினும், சோற்றுக்கு வழிதேட வந்த அதிகாரி கல்விக்கு வழிதேடுபவராக மாறியது எங்கள் கல்முனை மண்ணிலேதான் என்பதை நான் விசேஷமாகப் போற்றுகிறேன். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேச முடியாதென்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

காலை முதற்பாடத்திலே மேசைமேல் தலைசாய்த்துக் கிடக்கிற பிள்ளையை எழுப்பி, என்ன சாப்பிட்டாயென்று கேட்டால், பெரும்பாலும் வருகிற மறுமொழி தேத்தண்ணியும் பணிஸும் என்பதே. சில வேளை பணிஸும் இராது. பிள்ளையை அழைத்து வந்த மூத்தும்மா ஒருவர், "காலத்தால தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்த டீச்சர், வேற ஒண்டும் வேணாமெண்டான்" என்று எவ்வித வஞ்சகமுமின்றிச் சொன்னார். தேயிலையிலுள்ள தனின் என்னும் பொருள், உணவிலுள்ள இரும்புச் சத்தைப் பிணைத்து, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைக்கு இரத்தம் வெளிறும், களைப்பு மிகும், கேட்டது மனத்திலே தங்காது. பாடசாலையிலே பூச்சிக் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால், குளிசையை விழுங்கிய பிள்ளை மறுநாட் காலையிலும் சாப்பாட்டோடு சாயத் தேத்தண்ணியைக் குடிக்குமானால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்ததாகிவிடும். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்திக் கொடுங்கள், கீரைச் சுண்டலிலே தேசிக்காய்ப் புளி விடுங்கள், கரைவலையில் விழுகிற கீரிமீனையும் சூடையையும் பிள்ளையின் பீங்கானிலும் வையுங்கள் என்று சொல்லப் பணச் செலவு ஒன்றுமில்லை. முருங்கை இல்லாத வளவு எங்கள் ஊர்களிலே அரிது. இவற்றை எடுத்துச் சொல்ல ஒரு நாவும், கேட்கிற மரியாதையும் வேண்டும். எங்கள் பகுதியிலே அந்த மரியாதை ஆசிரியருக்கு இன்றும் குறையவில்லை.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாதென்பதைத் தமிழுலகம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பாடசாலையிலே மதிய உணவு வழங்கத் தொடங்கியது; காமராசர் 1956இல் அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றார்; எம். ஜி. ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் அங்கே வந்து சேர்ந்தது. இலங்கையிலும் பாடசாலைப் போசணைத் திட்டம் 2024இல் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் யாவருக்கும் விரிவாக்கப்பட்டது. இவ்விஷயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றே: என்ன பரிமாறப்படுகிறது என்பதைப் போலவே, எப்பொழுது பரிமாறப்படுகிறது என்பதும் முக்கியம். இடைவேளையிலே வருகிற சோறு, அதற்கு முன் கழிந்துபோன கணிதத்தையும் தாய்மொழியையும் மீட்டுத் தராது. உணவு பாடத்துக்கு முன் வரவேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களிலே கூரைத் தகட்டின் கீழ் அமர்ந்திருக்கிற பிள்ளைகளிற் சிலர், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், போத்தலில் கொண்டுவந்த தண்ணீரைத் தொடாமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மலசலகூடத்துக்குப் போக வேண்டிவருமென்ற பயமே காரணம். கதவுக்குத் தாழ்ப்பாளும் குழாயடியிலே சவர்க்காரமும் இருக்கின்றனவா என்று வாரத்துக்கொருமுறை எட்டிப் பார்ப்பது ஆசிரியைக்குத் தகாத வேலையென்று நான் கருதவில்லை.

நித்திரை எல்லாவற்றிலும் பெரிய விஷயமாக எனக்குத் தோன்றுகிறது; ஏனெனில், அதைக் கெடுப்பவர்கள் பிள்ளைமீது அன்புள்ளவர்களே. நான்காம், ஐந்தாந் தரத்துப் பிள்ளையொன்றின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள்: காலையிலே பாடசாலை, வீட்டுக்கு வந்து சோறு தின்றதும் புலமைப்பரிசில் வகுப்பு, பின்னேரம் குர்ஆன் மத்ரஸா, மஃரிபுக்குப் பின் மீண்டும் மாதிரி வினாத்தாள். ஓதலை நான் சுமையென்று சொல்லமாட்டேன். அது எங்கள் பிள்ளைகளின் நாவுக்கும் ஞாபகத்துக்கும் ஒழுக்கத்துக்கும் தருகிற பயன் பெரிது. சுமை என்று நான் சொல்வது, பரீட்சையொன்றின் பொருட்டுப் பத்து வயது நிரம்பாத சரீரத்திலிருந்து விளையாட்டையும் உறக்கத்தையும் பறிப்பதையே. பெறுபேறு வந்ததும் சந்திதோறும் சித்தியடைந்தவர்களின் படங்கள் தொங்குகின்றன. அவற்றின் கீழே நடந்து போகிற மற்றப் பிள்ளைகளின் நெஞ்சிலே என்ன நிகழ்கிறதென்று யாரேனும் விசாரித்ததுண்டா? அன்றியும், நோன்பு மாதத்திலே முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறையாதலால், வீட்டாரோடு ஸஹர் வரையிலும் விழித்திருந்து பழகிய சிறுவர்கள், பெருநாளுக்குப் பின் பாடசாலை தொடங்கும்போது பகலிலே கண்சொருகுவார்கள். அந்த முதல் நாட்களிலே கடினமான பாடத்தை வைக்காமல், கதையையும் பாட்டையும் சித்திரத்தையும் வைக்கிற ஆசிரியையே பிள்ளையின் இயல்பறிந்தவர்.

சரீரத்தைப் பேசிவிட்டு மனத்தை விட்டுவிடலாகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து சாய்ந்தமருதையும் கல்முனைக்குடியையும் மருதமுனையையும் வாரிக்கொண்டு போனபோது ஆரம்ப வகுப்புகளிலே இருந்தவர்கள், இப்பொழுது முதலாந் தரத்துக்குத் தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வருகிற உம்மாமாரும் வாப்பாமாருமாக இருக்கிறார்கள். பலத்த மழை பெய்தால் அரைநாளிலேயே வந்து பிள்ளையைக் கூட்டிச் செல்லவும், கடற்கரைக்குப் போகிற சுற்றுலாவுக்குச் சம்மதம் மறுக்கவும் காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள். கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் முன்பு, போரின் நடுவே, 1996இல் மட்டக்களப்பிலே கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கி, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாக விளையாடவும் கதைகட்டவும் களிமண் பிசையவும் விட்டார்கள். காயம்பட்ட மனத்துக்கு விளையாட்டே மருந்தாகுமென்று அவர்கள் செய்து காட்டியதை, நேரசூசியிலே விளையாட்டுப் பாடத்தைக் கணிதத்துக்குத் தாரைவார்க்கிற நாங்கள் மறந்துவிட்டோம்.

1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், முதலாந் தரத்துக்கு வருகிற பிள்ளைக்கு உடனே பாடம் புகட்டாமல், விளையாடவிட்டு அதன் ஆற்றலை இனங்காண வேண்டுமென்ற அருமையான வழக்கத்தைக் கொண்டு வந்தது. அவ்வாறு இனங்காணுதல் ஆண்டின் தொடக்கத்தோடு ஓய்ந்துவிடாமல், ஐந்தாந் தரம் முடியும்வரை தொடரவேண்டுமென்பதே என் விருப்பம். அதற்கு ஆசிரியையின் மேசையிலே ஒரு கொப்பி போதும்: யார் தலை சாய்த்துப் பார்த்தார், யார் ஒரே காதைத் திருப்பிக் கேட்டார், யாருக்குக் காதிலே சீழ் வடிந்தது, யார் வெறும் வயிற்றோடு வந்தார், யாருடைய உம்மா வெளிநாடு போயிருக்கிறார் என்று நாளுக்கு இரண்டு வரி. பெற்றோர் கூட்டத்துக்கு மூத்தும்மாமாரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மணமான மகள் தாய்வீட்டோடும் அதன் அண்டையிலும் வாழ்கிற எங்கள் ஊர் வழக்கத்திலே, அநேக வீடுகளில் பிள்ளைக்குச் சோறு தீத்துகிறவரும் உறங்க வைக்கிறவரும் அவரே. உம்மா மத்திய கிழக்கிலே உழைக்கிற வீடுகளில் முற்றாகவே அவர்தாம்.

எங்கள் கல்லூரிகளிடம் நான் கேட்பதும் பெரிதன்று. பாடத்திட்டமெழுதவும் கற்பித்தற் சாதனம் செய்யவும் கற்றுத் தருகிற சிரத்தையோடு, ஆறு மீற்றர் அட்டையைத் தொங்கவிட்டுப் பார்வை பார்க்கவும், முதுகுப்புறம் நின்று மெல்லப் பேசிச் செவி சோதிக்கவும், கண்ணிமையின் உட்புறத்தைப் பார்த்து வெளிறலை ஐயுறவும், அந்தந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே சில நாட்களேனும் ஆசிரிய மாணவரை இருத்திப் பழக்க வேண்டும். கட்டுறுப் பயிற்சிக்கு நாங்கள் அனுப்பப்படுவதற்கு முன்பே அது நடந்தாக வேண்டும். ஏனெனில், அந்த ஆண்டிலே எங்கள் முன்னே வந்து அமரப்போகிற பிள்ளைகள், நான்காந் தரத்துப் பரிசோதனை வரையிலும் காத்திருக்கக் கூடியவர்களல்லர்.