வயிற்றைச் சுருக்கலாம், ஆசையைச் சுருக்க முடியுமா?

உடல் பருத்தவர்களை மெலிய வைக்க ஒரு ஆபரேஷன் இருக்கிறது. அதைச் செய்து கொண்டவர்கள் மளமளவென்று இளைக்கிறார்கள். ஆனால், அவர்களில் சிலர் சில ஆண்டுகளில் மறுபடியும் பருத்து விடுகிறார்கள்!

வயிறுதான் சின்னதாகி விட்டதே! பிறகு எடை எப்படி ஏறுகிறது?

டாக்டர் கண்ட உண்மை

அமெரிக்காவில் அயோவா என்ற மாநிலம் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் இருந்தார். குடல் புண்ணுக்காக இரைப்பையில் பெரும் பகுதியை வெட்டி எடுத்த நோயாளிகள், பிறகு பருக்காமல் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்தார்.

"பருத்தவர்களுக்கும் இரைப்பையைச் சின்னதாக்கினால் என்ன?" என்று யோசித்தார். 1966-ம் ஆண்டில் அந்த ஆபரேஷனைச் செய்தார்.

இப்போது செய்யப்படும் ஆபரேஷன்களில் 2 வகை முக்கியமானவை. ஒன்றில், இரைப்பையின் மேல் பக்கத்தில் 2 மேஜைக் கரண்டி அளவு பிடிக்கும் சின்னப் பை அமைத்து, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். மற்றொன்றில், இரைப்பையில் 4-ல் 3 பங்கை வெட்டி எடுத்து விடுவார்கள். வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்தான் மிஞ்சும்.

இந்த ஆபரேஷனால் நன்மை உண்டு. சுவீடன் நாட்டில் 1987-ம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்து கொண்டவர்களிடையே சாவு குறைவாக இருந்தது. பலருக்குச் சர்க்கரை வியாதியும் தணிந்தது.

கொறிக்கும் பழக்கம்

ஆனால், கத்தி வயிற்றைத்தான் வெட்டும். மனதை வெட்டாது!

கவலை வந்தால் சாப்பிடுவது, தனிமையில் சாப்பிடுவது, "போதும்" என்று நிறுத்த முடியாமல் சாப்பிடுவது... இந்தப் பழக்கங்கள் சிலருக்குத் திரும்பி வருகின்றன. ஒரே தடவையில் நிறையச் சாப்பிட முடியாது. அதனால் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறார்கள். ஐஸ்கிரீம், இனிப்புப் பானம் போன்றவை எளிதில் இறங்கி விடும். எடை ஏற அது போதும்.

அமெரிக்காவில் ஆபரேஷன் செய்து கொண்ட 361 பேரை டாக்டர்கள் 2 ஆண்டு கவனித்தார்கள். முடிவை 2010-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பு, "சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை" என்றவர்கள் 100-க்கு 61 பேர். 6 மாதத்தில் இது 31 ஆகக் குறைந்தது. 2 ஆண்டில் 39 ஆக ஏறி விட்டது!

முன்பு அப்படிச் சாப்பிட்டவர்களும் நன்றாகவே இளைத்தார்கள். ஆனால், ஆபரேஷனுக்குப் பிறகும் நிறுத்த முடியாமல் தவித்தவர்களுக்கு, எடை குறைந்தது குறைவுதான். ஆகவே, பழைய பழக்கத்தை எண்ணிப் பயப்பட வேண்டாம். அது திரும்பி வருகிறதா என்று கவனித்தால் போதும்.

இன்னொரு ஆபத்து

சிலர் இதற்கு நேர் எதிராக நடக்கிறார்கள். "மறுபடியும் பருத்து விடுவோமோ" என்ற பயத்தில் சாப்பிடவே மறுக்கிறார்கள். வேண்டும் என்றே வாந்தி எடுப்பவர்களும் உண்டு. இதுவும் ஆபத்து. ஓயாத வாந்தியால் 'பி-1' வைட்டமின் குறையும். மூளையும் நரம்பும் கெடும். இரும்புச் சத்தும் 'பி-12' வைட்டமினும் குறைந்தால் ரத்தசோகை வரும். டாக்டர் கொடுக்கும் வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு...

"இவ்வளவு பணம் செலவழித்தும் வாயைக் கட்ட முடியவில்லையா?" என்று வீட்டில் யாரும் ஏசாதீர்கள். ஏசினால் அவர்கள் ஒளிந்து சாப்பிடுவார்கள். டாக்டரிடமும் மறைப்பார்கள்.

இது கொழுப்பு அல்ல, பேராசையும் அல்ல. சிகிச்சை உள்ள ஒரு கோளாறு. மனநல டாக்டரும் உணவு நிபுணரும் இதற்கு உதவ முடியும்.

எடை மறுபடி ஏறிய பிறகு ஓடுவதை விட, கை தானாகத் தின்பண்டத்தைத் தேடும்போதே டாக்டரிடம் சொல்லி விடுங்கள். அதில் வெட்கம் எதற்கு?