திரையைப் படம் பிடிப்போம்

கம்ப்யூட்டரில் கரண்ட் பில் கட்டுகிறீர்கள். வங்கிக் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. ரசீது வரவில்லை. திரையில் ஏதோ ஒரு வரி வருகிறது. உடனே மறைந்தும் போகிறது. நாளை அலுவலகத்தில் எதைக் காட்டுவீர்கள்?

அந்தத் திரையை அப்படியே படமாக எடுத்து வைக்கலாம். இதற்குக் காமிரா வேண்டாம். கம்ப்யூட்டரிலேயே வசதி உண்டு. இந்தப் படத்துக்கு ஸ்கிரீன்ஷாட் என்று பெயர்.

உங்களிடம் கம்ப்யூட்டர் இல்லையா? பரவாயில்லை. பொதுச் சேவை மையத் திட்டத்துக்கு 2006-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இன்று நாடெங்கும் கிராமங்களில் இந்த மையங்கள் உள்ளன. அங்கே பணம் கட்டும்போது, "திரையைப் படம் எடுத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள்.

எது எளிது?

பயன்படுத்துகிறவர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள்.

"பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனே போதும்" என்பார்கள் சிலர். அது கீபோர்டிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் இதை அழுத்தினால் திரையில் உள்ளது காகிதத்தில் அச்சாகும். அதனால்தான் இந்தப் பெயர். இப்போது அழுத்தினால், பல கம்ப்யூட்டர்களில் முழுத் திரையும் படமாகி நினைவில் நிற்கும். பெயின்ட்டைத் திறந்து ஒட்டிச் சேமிக்க வேண்டும். சேமிக்க மறந்தால் படம் போய்விடும்.

"ஸ்னிப்பிங் டூல்தான் நல்லது" என்பார்கள் வேறு சிலர். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே இது இருந்தது. மவுஸால் கட்டம் போட்டு, வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கலாம். இன்றைய விண்டோஸில் விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

படத்தில் அம்புக்குறி போட வேண்டுமா? எழுத்தை மறைக்க வேண்டுமா? விண்டோஸில் கிரீன்ஷாட் என்ற மென்பொருளைச் சிலர் விரும்புகிறார்கள். லினக்ஸில் பிளேம்ஷாட் உண்டு. விண்டோஸுக்குக் கிரீன்ஷாட்டும் லினக்ஸுக்குப் பிளேம்ஷாட்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

சில மென்பொருள்களில் படத்தை இணையத்தில் ஏற்றும் பட்டனும் இருக்கும். கை தவறி அதை அழுத்தினால் உங்கள் படம் ஊரார் கண்ணில் படலாம். ஆகவே வசதி குறைவாக இருப்பதே பலருக்குப் பாதுகாப்பு.

கவனம் தேவை

படத்தில் உங்கள் ஆதார் எண் இருக்கலாம். கணக்கு எண் இருக்கலாம். அடுத்தவருக்கு அனுப்பும் முன் அவற்றை மறையுங்கள். லேசாகக் கலைத்துவிட்டால் போதாது. கறுப்புக் கட்டம் போட்டு முழுவதும் மூடுங்கள்.

வெட்டி எறிந்தது போய்விட்டது என்றும் நம்பிவிடாதீர்கள். 2023-இல் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் ஒரு குறை தெரிந்தது. படத்தை வெட்டி அதே பெயரில் சேமித்தால், வெட்டிய பகுதி கோப்பின் உள்ளேயே தங்கியது. அதை மீட்டெடுக்கவும் முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாப்ட் அதைச் சரிசெய்தது. மென்பொருள்களைப் புதுப்பித்து வைப்பது இதற்காகத்தான்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். "பணம் அனுப்பிவிட்டேன்" என்று படத்தைக் காட்டுவார்கள். படத்தைத் திருத்த முடியும். உங்கள் கணக்கில் பணம் வந்ததா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஏமாந்து பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

படம் எடுக்கும்போது தேதி, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும் நாளில் அது கை கொடுக்கும்.