ஏற்றத்தை அளந்த மனிதர்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"கல்லூரிக்குப் போகாமலே கோடீசுவரரானவர்" என்று சிலரைச் சுட்டிக்காட்டி, 'படித்து என்ன பயன்?' என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க இரயில்வே அதிபர் ஜேம்ஸ் ஜே. ஹில் அத்தகைய ஒருவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எனவே, இவருடைய வரலாற்றை ஆராய விரும்பினேன்.

ஹில் 1838-ல் கனடாவிலுள்ள ராக்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இறந்ததால் 1852-ல் பள்ளியை விட்டார். ஆனால், சம்பளமின்றிப் படிக்க வைத்த ஒரு பள்ளியின் உதவியால், அதற்குள்ளாகவே இயற்கணிதம், வடிவகணிதம், நில அளவை ஆகியவற்றில் தேர்ந்திருந்தார். 1856-ல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகருக்கு வந்து, நீராவிப் படகுக் கம்பெனியில் கணக்கரானார். சரக்குப் போக்குவரத்தின் செலவுக் கணக்கை அங்கே கற்றார். பின்னர், நொடித்துப்போன ஓர் இரயில்வேயைக் கூட்டாளிகளோடு வாங்கி வளர்த்தார். 1889-ல் 'கிரேட் நார்தர்ன்' இரயில்வே உருவாயிற்று.

அவருடைய வெற்றியின் இரகசியம் நாம் படிக்கும் சாய்தளத்தில் இருக்கிறது. சமதளத்தில் ஒரு டன் சரக்கை இருப்புப் பாதையில் இழுக்கச் சில கிலோகிராம் எடையளவு விசை போதும். நூறு அடிக்கு ஓரடி ஏறும் பாதையிலோ, டன்னுக்கு மேலும் பத்துக் கிலோகிராம் எடையளவு விசை வேண்டும். அதே எஞ்சின் இழுக்கும் சரக்கு பாதிக்கும் கீழாகிவிடும்! எனவே ஹில் ஏற்றமும் வளைவும் குறைந்த பாதையையே நாடினார். 1889 டிசம்பரில் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸ், ராக்கி மலையில் சுமார் 5,200 அடி உயரத்திலுள்ள மரையாஸ் கணவாயை அவருக்காகக் கண்டறிந்தார். 1893-ல் பாதை பசிபிக் கரையை எட்டியது. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் நார்தர்ன் பசிபிக், யூனியன் பசிபிக் என்னும் பெரிய கம்பெனிகள் திவாலாயின. கிரேட் நார்தர்ன் தாக்குப்பிடித்தது.

எனினும், செலவைக் குறைக்கத் தொழிலாளர் கூலியிலும் அவர் கைவைத்தார். 1894-ல் அவர்கள் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். நடுவர்கள் பெரும்பாலும் தொழிலாளர் கோரிக்கையையே ஏற்றனர். எஞ்சினுக்கு ஏற்றத்தைக் குறைத்தவர், உழைப்பவரின் சுமையை ஏற்றினார் என்பதையும் மறைக்கலாகாது.

1916-ல் ஹில் மறைந்தார். அவர் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால், ஏழைச் சிறுவனுக்குச் சம்பளமின்றிக் கணிதம் கற்பித்த பள்ளி ஒன்று அவருக்கு இருந்தது. 'படித்து என்ன பயன்?' என்று இனி எவரேனும் ஹில்லைக் காட்டிக் கேட்டால், நண்பர்களே, அந்தப் பள்ளியைக் காட்டுவோம்!